மறைக்கும் அன்பு

குடும்பத்தில் ஒருவர்க்குக் கொடிய நோய் கண்டுவிட்டால் அச்செய்தி எவர் எவர்க்கோ எட்டிவிடுகின்றது. மூத்த மகனுக்கு முதலில், பின்னர் மருமகனுக்கு, அதன்பின் பினாங்கிலும் ஈப்போவிலும் உள்ள பெரியப்பா சித்தப்பாமார்க்கு, ஒரு வாரத்திற்குள் அடுத்த வீட்டார்க்கும் தெரிந்துவிடும். கடைசிவரை தெரியாதிருப்பவர் ஒருவரே. அவர்தாம் நோயாளி! இவ்வழக்கத்தை நம்மவர் அன்பு என்று அழைக்கின்றனர். இஃது உண்மையில் அன்புதானா, அன்றி அன்பின் பெயரால் நம்மை நாமே காத்துக்கொள்ளும் உபாயமா என்பதை இன்று ஆராய விரும்புகின்றோம்.

பொதுப்படப் பேசிக்கொண்டே போனால் இவ்வாராய்ச்சி வெறும் வாய்ப்பந்தலாக முடியும். ஆதலின் குறிப்பிட்ட ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். பித்தநாளப் புற்றுநோய் என்பது அதன் பெயர். நேயர்களிற் பலர் இப்பெயரை இதற்கு முன் கேட்டிருக்கமாட்டார்கள். மார்பகப் புற்று, நுரையீரற் புற்று என்றால் தெரிந்தவர் பலர். இதனைத் தெரிந்தவர் சிலர். நோய் அரிது, பெயர் புதிது, கண்டறியும் வேளையில் அது பெரும்பாலும் முற்றியிருக்கும். மறைப்பதா, சொல்வதா என்னும் கேள்வி இந்நோயில் எழுவதுபோல் வேறெங்கும் அவ்வளவு கூர்மையாக எழுவதில்லை.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கின்றது. உண்ட கொழுப்பைச் செரிப்பிக்க உதவுவதும், உடலின் சில கழிவுகளை வெளியேற்றுவதும் அந்நீரின் தொழில். ஈரலெங்கும் மயிரிழைபோற் பரந்துள்ள நுண்குழாய்கள், ஓடைகள் கூடி ஆறாவதுபோல் ஒன்றோடொன்று கூடி, இடம் வலம் என இரு நாளங்களாகி, ஈரலின் வாயிலில் ஒன்றாக இணைகின்றன. அவ்வொரு நாளம் பித்தப்பையிலிருந்து வரும் கிளையையும் சேர்த்துக்கொண்டு, கணையத்தின் தலைப்பகுதியைக் கடந்து, சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கின்றது. இவ்வழியின் உட்சவ்வில் எங்கேனும் எழும் புற்றே நாம் கூறும் நோய். ஈரலுக்குள்ளே எழுவது ஒருவகை. இரு நாளங்கள் கூடும் வாயிலில் எழுவது மற்றொரு வகை. குடலையடுத்துக் கீழே எழுவது மூன்றாவது. நடுவிற் கூறிய வாயில்வகையே மிகுதியாகக் காணப்படுவது.

வழி அடைபட்டால் பித்தநீர் எங்கே போகும்? இரத்தத்தில் திரும்புகின்றது. கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. சிறுநீர் கட்டிச் சாயத் தேநீரின் நிறத்தை அடைகின்றது. மலம் வெளுத்துச் சுண்ணாம்புபோலாகின்றது. உடலெங்கும் ஓர் அரிப்பு, சொறியச் சொறிய அடங்காது, உறக்கத்தைக் கெடுப்பது. வலி பெரும்பாலும் தொடக்கத்தில் இல்லை. ஆகையால்தான் நம்மவர் ‘காமாலைதானே’ என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தும், வேப்பிலை அடித்தும் வாரங்களைக் கழிக்கின்றனர். காமாலை என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் அறிகுறி. வலியில்லாக் காமாலையைக் கண்டவுடன் மருத்துவரை நாடவேண்டும் என்பதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும். ஈரலுக்குள் எழும் வகையோ காமாலையைக்கூடக் காட்டாது. பசியின்மை, உடல் மெலிதல், இனந்தெரியாத சோர்வு, இவ்வளவே. வேறெதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தென்படுவதும் உண்டு.

இனி, காரணம். நோய் என்று கேட்டவுடன் ‘என்ன பாவம் செய்தாரோ’ என்னும் சொல் நம்மவர் நாவில் இன்னும் எழுகின்றது. அல்லது, ‘குடித்திருப்பார்’ என்று ஒரு பெருமூச்சு. ஈரல் என்றாலே குடி என்று முடிவு கட்டிவிடுவது நம் சமூகத்தின் வழக்கமாகிவிட்டது. ஒரு துளியும் தொடாதவர் இப்பழியைச் சுமந்து சாகின்றனர். இந்நோயின் வரலாறு இவ்விரு பேச்சையும் தவிடுபொடியாக்குகின்றது.

நம் முன்னோர் சயாம் என்றழைத்த தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் என்றொரு நிலப்பரப்பு உண்டு. உலகில் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் இடம் அதுவே. ஏனைய நாடுகளில் அரிதென்று கூறப்படும் நோய் அங்கே ஊர்தோறும் தெரிந்த நோய். ஆற்றிலும் ஏரியிலும் வயல்நீரிலும் பிடிக்கும் சிறு கெண்டையினத்து மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் தழைகளும் மிளகாய்த்தூளும் சேர்த்து உண்பது அம்மக்களின் பழைய உணவு. அம்மீனின் தசைக்குள் ஈரற்புழு ஒன்றின் இளநிலை உறங்குகின்றது. எலுமிச்சையின் புளிப்பு அதனைக் கொல்வதில்லை, நெருப்பே கொல்லும். உண்டவர் உடலில் புழு பித்தநாளத்தை அடைந்து அங்கேயே ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றது. அதன் முட்டை மலத்தோடு வெளியேறி, நீர்நத்தையுட் புகுந்து, மீண்டும் மீனை அடைகின்றது. புழுவால் நாளம் ஓயாது புண்பட்டுப் புண்பட்டு, பல்லாண்டு சென்றபின் சிலர்க்குப் புற்றாகின்றது. உலக நல்வாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1994ஆம் ஆண்டிலேயே இப்புழுவை மனிதர்க்குப் புற்று விளைவிப்பது என்று ஐயத்திற்கிடமின்றி வகுத்துரைத்தது. 2012ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் மையத்தாரும் தாய்லாந்தின் கோன்கேன் பல்கலைக்கழகத்தாரும் கூடி இப்புற்றின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்டனர். நம் தீவின் ஆராய்ச்சிக்கூடம் ஈசானின் ஏழை உழவர்க்கு உழைத்தது நாம் மகிழத்தக்க செய்தி.

உழவன் உண்டது அவன் தாய் ஊட்டிய உணவு. அவனை யார் குற்றவாளி என்பார்?

இன்னொன்று கேளுங்கள். ஜப்பானில் ஒசாக்கா நகரத்து அச்சுக்கூடம் ஒன்றில் உருளைகளில் ஒட்டிய மையைத் துடைக்க ஒருவகை இரசாயன நீர் பயன்பட்டுவந்தது. காற்றோட்டமற்ற அறை, நாள் முழுதும் துடைக்கும் வேலை. அங்குப் பணிபுரிந்த இளைஞர் பலர் இருபத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதிலேயே பித்தநாளப் புற்றுக்கு ஆளாயினர். வழக்கமாக இந்நோய் முதியோர்க்கு வருவது. 2012இல் இச்செய்தி வெளிப்பட்டது. 2013இல் ஜப்பானிய அரசாங்கம் அதனைத் தொழிலால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. அச்சுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதனைப் படிக்கும் நாம், எழுத்தைப் பிறர்க்கு எட்டவைக்க உழைத்தோர் தம் உயிரைக் கொடுத்தனர் என்பதை எண்ணாமலிருக்க முடியவில்லை. இதில் அவர்கள் செய்த பாவம் யாது? முதலாளி சாளரம் வைக்காதது எந்தப் பிறவியின் வினை?

ஈரலுக்குள் கல், பித்தநாளத்தின் நாட்பட்ட அழற்சி, பிறவியிலேயே நாளம் வீங்கியிருத்தல், பி வகை சி வகை ஈரலழற்சி, ஈரற்சுருக்கம் ஆகியனவும் இந்நோய்க்கு வழிவகுக்கும். ஆயினும் மேலை நாடுகளிற் பெரும்பாலான நோயாளர்க்கு யாதொரு காரணமும் புலப்படுவதில்லை.

நிற்க. மருத்துவம் என்ன செய்யவல்லது? கட்டி ஓரிடத்தில் நின்று, அறுத்தெடுக்கத்தக்கதாயின் அறுவையே சிறந்த வழி. வாயில்வகையிற் சிலர்க்குக் கடும் நிபந்தனைகளுக்குட்பட்டு ஈரல் மாற்றமும் செய்கின்றனர். துரதிர்ஷ்டவசமாக, அறுக்கும் நிலையைக் கடந்தபின் வருவோரே பெரும்பாலோர். அவர்க்கு இரு மருந்துகளைச் சேர்த்து ஏற்றுவதால் வாழ்நாள் நீளும் என்பது 2010இல் நிறுவப்பட்டது. அவ்வாராய்ச்சியில் ஒரு மருந்து மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்வு 8.1 மாதம், இரண்டும் பெற்றோர்க்கு 11.7 மாதம். 2022இல் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மூன்றாவது மருந்தொன்றையும் சேர்த்தபோது, 100 பேரில் ஏறத்தாழ 25 பேர் இரண்டாண்டு கடந்து உயிரோடிருந்தனர். சேர்க்காதவர்களில் 10 பேரே. ஈரலுக்குள் எழும் வகையில் ஒரு பகுதியினரின் கட்டியிற் குறிப்பிட்ட மரபணு மாற்றங்கள் உள்ளன. அவற்றையே குறிவைக்கும் மாத்திரைகள் 2020 முதல் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் ஒப்புதல் பெற்று வருகின்றன. கட்டியைச் சோதித்தாலன்றி அம்மாத்திரைக்குரியவர் யார் என்பது தெரியாது. சோதியுங்கள் என்று கேட்க வேண்டியவர் யார்? தம் நோய் இன்னதென்று அறிந்தவர்தாமே!

இப்பொழுது நம் கேள்விக்கு வருவோம்.

மறைப்போர் கூறும் நியாயங்கள் அற்பமானவையல்ல. ‘சொன்னால் மனம் உடைந்துவிடுவார், மனம் உடைந்தால் உடல் தாங்காது’ என்பது ஒன்று. ‘இருக்கும் நாளையாவது நிம்மதியாகக் கழிக்கட்டும்’ என்பது மற்றொன்று. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையாகும் என்னும் பொருளில் வள்ளுவரே இடங்கொடுத்திருக்கிறாரே என்று சிலர் அதிகாரத்தைச் சுட்டிக் காட்டவும் செய்வர். இவ்வெண்ணம் நம்மவர்க்கு மட்டும் உரியதென்று கருதவேண்டாம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தார் 1847இல் வகுத்த ஒழுக்க விதிகள் நோயாளியின் மனத்தைத் தளர்த்தும் சொல்லை மருத்துவர் தவிர்க்க வேண்டுமென்றே பணித்தன. 1961இல் சிகாகோ நகரில் 219 மருத்துவர்களை வினவியபோது, புற்றுநோயை நோயாளிக்குச் சொல்லாமலிருப்பதே தம் வழக்கம் என்றோர் 100க்கு 90 அளவினர். அதே வினாவை மீண்டும் கேட்டு 1979இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சொல்வதே தம் வழக்கம் என்றோர் 100க்கு 97. இருபதாண்டு நிரம்புவதற்குள் ஒரு நாட்டு மருத்துவ உலகம் தலைகீழாக மாறியது. ஆகவே ‘இது கீழ்நாட்டுப் பண்பு, அது மேல்நாட்டுப் பண்பு’ என்னும் பேச்சு வரலாறு அறியாதார் பேச்சு. பண்பென்று நாம் போற்றுவதிற் பாதி பழக்கமே.

வள்ளுவர் வைத்த நிபந்தனையையும் ஊன்றி நோக்குவோமாக. சிறிது நன்மை தந்தாற் போதும் என்று அவர் கூறவில்லை. அந்நன்மையிற் களங்கமே இருத்தலாகாது என்கிறார். நம் பொய் அத்தகையதா? இந்நோயில் அடைபட்ட நாளத்தைத் திறக்க மெல்லிய குழாயொன்றை உள்ளே பொருத்துகின்றனர். காமாலை வடிகின்றது, அரிப்பு நிற்கின்றது. அக்குழாய் சில காலத்தில் மீண்டும் அடைபடலாம். அடைபட்டால் நடுக்கத்தோடு காய்ச்சல் எழும். அக்காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலன்று. அன்றிரவே மருத்துவமனையை அடையாவிடின் உயிரைக் குடிப்பது. ‘வயிற்றுப் புண்ணுக்கு மருந்து’ என்று கேட்டு வீடு திரும்பிய தாய், நடுங்கும் காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரை விழுங்கிப் போர்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார். பிள்ளைகளை எழுப்பக்கூடக் கூசுகிறார். அவர் மன நிம்மதிக்கென்று சொன்ன பொய் அவர் உயிர்க்கே உலை வைக்கின்றது. இது களங்கமற்ற நன்மையாமா?

‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அவ்வள்ளுவரே மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக எண்ணுமிடத்து நோயுற்றவரையே முதலில் வைக்கிறார். மருத்துவரும் மருந்தும் அருகிருந்து கொடுப்பவரும் பின்னரே. நாமோ முதலுறுப்பை வெட்டியெறிந்துவிட்டு மற்ற மூன்றையும் கொண்டு மருத்துவம் நடத்துகின்றோம்.

இன்னும் ஒன்று. மறைத்தல் மறைந்திருப்பதில்லை. நோயாளி அறிவிலியல்லர். மஞ்சள் பூத்த கண்ணைக் கண்ணாடியிற் காண்பவர் அவரே. நாள்தோறும் தளரும் தாலிக்கயிற்றையோ இடுப்பு வாரையோ இறுக்குபவர் அவரே. அறைக்குள் அவர் நுழைந்ததும் பேச்சு நிற்பதையும், பல்லாண்டு வராத உறவினர் ஆரஞ்சுப் பையோடு வந்து அளவுகடந்து சிரிப்பதையும் அவர் காண்கிறார், அறிந்தும்கொள்கிறார். பின்னர், தாம் அறிந்ததைப் பிள்ளைகள் அறியக்கூடாதென்று அவர் மறைக்கத் தொடங்குகிறார்! ஒருவர்க்கொருவர் நடிக்கும் இந்நாடகத்தில், வாழ்நாளெல்லாம் சொல்லாமல் வைத்திருந்த சொற்கள் சொல்லப்படாமலே போகின்றன. வீட்டுப் பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு கொடுக்கல் வாங்கல், இளையவளின் படிப்பிற்கு என்ன வழி என்பன நின்றுவிடுகின்றன. சிங்கப்பூரில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீளா நிலையில் உயிரை இயந்திரத்தால் நீட்டிக்க வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தம் நோயை அறியாதவர் இதை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பைப் பெறுவதெப்படி?

இம்மறைப்பு பெண்களிடத்தே மிகுதியும் நடைபெறுகின்றது என்பது நம் கருத்து. தந்தைக்கு நோயென்றால், கடையும் கணக்கும் அவர் கையில் இருப்பதால், எவ்வாறேனும் சொல்லிவிடுகின்றனர். தாய்க்கு வந்தால், ‘அவளுக்கு என்ன தெரியும்?’ என்கின்றனர். அறுவை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கணவனும் மக்களும் மைத்துனனும் கூடி முடிவு செய்கின்றனர். அறுக்கப்படும் வயிறோ அவளுடையது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், கல்வி வேண்டும் என்று மேடைதோறும் முழங்கினோம். தன் ஈரலைப் பற்றிய செய்தியில் அவளுக்கு உரிமை உண்டா என்பதை எந்த மேடையிலும் பேசினோமில்லை.

அப்படியானால் எல்லார்க்கும் எல்லாவற்றையும் முகத்திலடித்தாற்போற் சொல்லிவிட வேண்டுமா? அவ்வாறு நாம் கூறவில்லை. அறிய விரும்பாதவர்க்கு அறியாதிருக்கும் உரிமையும் உண்டு. ‘எனக்கு விவரம் வேண்டாம், மகளிடம் பேசுங்கள்’ என்று ஒரு முதியவர் தாமே சொன்னால் அது அவருடைய முடிவு. அதனை மதித்தலும் உண்மையை மதித்தலே. கேளாமலே பிறர் முடிவு செய்வதுதான் குற்றம். மேலும், உண்மை என்பது ஒரு எண்ணன்று. ‘பதினொரு மாதம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் மருத்துவர் உண்மையைச் சொன்னவராகார். இடைநிலை என்றால், பாதிப்பேர் அதற்கு முன்னும் பாதிப்பேர் அதற்குப் பின்னும் என்பதே பொருள். பின்னுள்ள பாதியில் நெடுந்தூரம் சென்றோரும் உளர். அமெரிக்க இயற்கை நூலறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றுறையில் அரியதொரு புற்று கண்டது; நூல்களில் அதற்குரிய இடைநிலை எட்டு மாதம். மருத்துவர் படிக்க வேண்டாமென்று தடுத்தும் அவர் நூலகம் சென்று படித்தார். எண்ணின் பொருளை ஆராய்ந்தார். 1985இல் அதனை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்து 2002இல் வேறொரு புற்றால் மாண்டார். எல்லார்க்கும் அவ்விதம் நிகழும் என்று நாம் கூறோம். பெரும்பாலோர்க்கு நிகழாது. ஆயினும் எண்ணைக் கண்டு அஞ்சி ஓடாமல் அதன் உள்ளே புகுந்து பார்க்க, அறிந்த மனிதனால்தான் முடியும்.

அரிய நோயின் தனிமை வேறொருவகைத் துன்பம். மார்பகப் புற்றுக்கு ஆளானவர் அதே தெருவில் மீண்டவர் ஒருவரைக் காணக்கூடும். பித்தநாளப் புற்றுக்கு ஆளானவர், தம்மைப்போல் இன்னொருவரை மாநிலம் முழுதும் தேடினாலும் காண்பதரிது. இத்தனிமையைப் போக்கவே இங்கிலாந்தில் 2002இலும் அமெரிக்காவில் 2006இலும் இந்நோய்க்கென்றே அறநிலையங்கள் எழுந்தன. இரண்டும் குடும்பத்தாரின் துயரத்திலிருந்து பிறந்தவை. இன்று உலகெங்குமுள்ள நோயாளர்க்கு விளக்கநூல்களும், ஒருவரோடொருவர் பேசும் வழிகளும் அவை அமைத்துத் தருகின்றன. நம் நாடுகளில் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 1964 முதலும், மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1966 முதலும் எல்லாவகைப் புற்றினர்க்கும் துணைநிற்கின்றன. வலிதணிக்கும் பராமரிப்புக்குச் சிங்கப்பூரில் 1989இலும் கோலாலம்பூரில் 1991இலும் தோன்றிய இல்லம்நாடிச் செல்லும் நிலையங்கள் உண்டு. ‘சாகப்போகிறவர்க்குத்தானே அது’ என்று நம்மவர் அவற்றின் பெயரைக் கேட்டாலே காதைப் பொத்துகின்றனர். அரிப்பையும் வலியையும் குமட்டலையும் தணிக்கத் தெரிந்த செவிலியர் வீட்டுப் படியேறி வருவதை ஏன் கடைசி வாரத்திற்கு ஒத்திப்போட வேண்டும்? மருந்தேற்றும் காலத்திலேயே அவர்களை நாடலாம்.

துணை வேண்டுவது நோயாளிக்கு மட்டுமன்று. இரவெல்லாம் விழித்து, காலையில் வேலைக்கும் சென்று, உண்மையையும் ஒருவரிடமும் சொல்லாமல் தன்னுள்ளே புதைத்து வைத்திருக்கும் மகளை எண்ணுங்கள். மறைக்கச் சொல்லிக் கட்டளையிட்ட அண்ணன்மார் தூர ஊரில் இருக்கின்றனர். அன்றாடம் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியவள் அவளே.

நம் நாடுகளில் இம்மறைப்பு எவ்விடத்தில் நடைபெறுகின்றது என்பதையும் கூறிவிடுகின்றோம். அது மொழிபெயர்ப்பில் நடைபெறுகின்றது. மருத்துவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசுகிறார். தாய்க்குத் தமிழ் ஒன்றே தெரியும். இடையே மகன் நிற்கிறான். மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லி, நிலையைச் சொல்லி, இரண்டு வழிகளைச் சொல்லி, எது வேண்டுமென்று கேட்கிறார். மகன் திரும்பி, ‘அம்மா, வயிற்றிலே சின்னப் புண்ணாம், மருந்து ஏற்றினால் ஆறிவிடுமாம்’ என்கிறான். தாய் தலையசைக்கிறாள். ‘சம்மதம்’ என்று மருத்துவர் குறித்துக்கொள்கிறார். அவள் எதற்குச் சம்மதித்தாள்? அம்மகனை நாம் கொடியவன் என்னமாட்டோம். அந்நொடியில் அவன் நா எழாததை எவரும் உணர்வர். அவன் தலைமேல் அப்பாரத்தை வைத்ததுதான் தவறு. மருத்துவமனைகள் பயிற்சி பெற்ற தமிழ்ச் செவிலியரையோ மொழிபெயர்ப்பாளரையோ அவ்வேளையில் அழைக்கவேண்டும். இல்லையெனில் குடும்பத்தார் கேட்டுப் பெறவேண்டும். அவ்வாறு வருபவர் முதன்முதல் தாயிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: ‘அம்மா, உங்கள் உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வதை நீங்களே கேட்க விரும்புகிறீர்களா, அல்லது வேறு யாரிடமாவது சொல்ல வேண்டுமா?’ இக்கேள்வியைத் தமிழில் கேட்க அரை நிமிடம் போதும்.